விளைச்சல் குறைந்தும் லாபம் வருவது எப்படி? தானியப் பயிரில் இயற்கை முறையும் இரசாயன முறையும்

இயற்கை முறைக்கு மாறினால் தானிய விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. இயற்கை முறையில் லாபம் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடும் என்று வேறொரு ஆய்வு சொல்கிறது. இரண்டும் தரமான அறிவியல் இதழ்களில் வந்தவை, இரண்டும் சரியாகவே கணக்கிடப்பட்டவை. விவாத மேடையில் ஒரு தரப்பு முதல் எண்ணைத் தூக்கிப் பிடிக்கும், மறுதரப்பு இரண்டாவதை. இரண்டு எண்களும் ஒரே நிலத்தில் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பயிரை, ஓர் ஆண்டை மட்டும் எடுத்து வைத்துச் செய்யும் எந்த ஒப்பீடும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும், உழவருக்குப் பயன்படாது. பயிர்ச் சுழற்சி முழுவதையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால்தான் உண்மை தெரியும்.

விளைச்சலிலிருந்து தொடங்கலாம். உலகெங்கும் நடந்த நேரடி ஒப்பீட்டுச் சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த பெரிய ஆய்வுகள் மூன்றைச் சொல்ல வேண்டும். 2012இல் டி பொன்டியும் அவருடன் இணைந்தவர்களும் 362 ஒப்பீடுகளை எடுத்துப் பார்த்தபோது, இயற்கை முறை விளைச்சல் சராசரியாக, வழக்கமான முறையின், அதாவது இரசாயன முறையின், விளைச்சலில் 80 சதவீதம் என்று கண்டார்கள். அதே ஆண்டு செய்ஃபர்ட் குழுவினர் 25 சதவீதம் குறைவு என்றார்கள். 2015இல் பொனிசியோ குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைக் கொண்டு 19.2 சதவீதம் குறைவு என்றார்கள். ஆக, இருபதை ஒட்டிய ஓர் எண். இதில் பெரிய தகராறு இல்லை.

ஆனால் சராசரி என்பது பல பயிர்களை ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கியது. சாக்கைப் பிரித்தால்தான் விஷயம் தெரியும். டி பொன்டி ஆய்வில் நெல் 94 சதவீதம், சோயா 92, மக்காச்சோளம் 89, கோதுமை 73, வாற்கோதுமை 69. நெல்லுக்கு இழப்பு அநேகமாக இல்லை. வாற்கோதுமைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒரே முறை, ஒரே விதிகள், ஆனால் பயிருக்குப் பயிர் இவ்வளவு வேறுபாடு. இதற்கான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

தழைச்சத்து வந்து சேரும் நேரம்

தானியப் பயிரின் முதல் தேவை தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஹெக்டேருக்கு 6 டன் கோதுமை அறுத்தால், அந்த மணிகளோடு மட்டும் சுமார் 120 கிலோ நைட்ரஜன் வயலை விட்டு வெளியேறுகிறது. மணியின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் அது. இரசாயன முறையில் இதை ஈடுகட்டுவது எளிது. யூரியாவோ அம்மோனியம் நைட்ரேட்டோ சில மூட்டைகள், இரண்டு மூன்று தவணைகளில், பயிர் கேட்கும் வாரத்தில் போட்டால் போதும்.

இயற்கை முறையில் அதே 120 கிலோவைத் தொழு உரத்தில் தேட வேண்டும். மாட்டுத் தொழு உரத்தில் நைட்ரஜன் எடையில் அரை சதவீத அளவில்தான் இருக்கும். கணக்குப்படி 24 டன். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதியை நுண்ணுயிர்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல விடுவிக்கும். அளவு ஒரு சிக்கல் என்றால், நேரம் அதைவிடப் பெரிய சிக்கல். குளிர்நாட்டுக் கோதுமை குளிர்காலம் முடிந்ததும் தண்டு நீளத் தொடங்கும். அதற்குப் பசி அதிகம் எடுக்கும் நேரம் அதுதான். அப்போது மண் இன்னும் சில்லென்று இருக்கிறது. தொழு உரத்தைச் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. மண் சூடேறி அவை வேலையில் இறங்கும்போது, கதிரில் எத்தனை மணி என்பதைப் பயிர் அநேகமாக முடிவு செய்துவிட்டிருக்கும்.

மக்காச்சோளத்தின் கதை வேறு. அது வெப்பம் வந்த பிறகு விதைக்கப்பட்டு, மண் நன்றாகச் சூடேறிய மாதங்களில் வளர்கிறது. மண் கொடுக்கும் நேரமும் பயிர் கேட்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. 73க்கும் 89க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதியை இந்த நேரப்பொருத்தத்தைக் கொண்டு விளக்கலாம் என்பது என் எண்ணம்.

நெல்லுக்கு நீர் துணை நிற்கிறது. தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசியும், அசோலா என்ற மிதக்கும் பெரணியோடு ஒட்டி வாழும் நுண்ணுயிரும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. காற்றில்லாத சேற்றில், மண்ணோடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இளகி வெளிவருகிறது. நின்ற நீர் பல களைகளை முளைக்கவே விடுவதில்லை. சோயாவோ பயறு இனம். வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதற்குத் தேவையான தழைச்சத்தில் பெரும்பங்கைத் தயாரித்துத் தந்துவிடும்.

தொழு உரம் விளைச்சல் தராது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விளைகிறது. லாஸும் கில்பர்ட்டும் தொடங்கி வைத்த அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கே தொழு உரம் மட்டும் பெறும் பாத்திகள் நீண்ட காலம் இரசாயன உரம் பெற்ற பாத்திகளுக்கு ஈடுகொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பாத்திகளுக்கு ஆண்டுதோறும் போட்டது ஹெக்டேருக்கு 35 டன். அந்த 35 டன் எங்கிருந்து வந்தது? வேறு நிலத்தில் புல்லும் தீவனமும் விளைந்து, மாடு தின்று, கொட்டிலில் சேர்ந்து வந்தது. பாத்திக்குள் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறு நிலம் தெரிவதில்லை. இந்தக் கேள்வி பின்னாலும் வரும்.

களையும் மழையும்

சோதனை வயலில் சோயா 92 சதவீதம் என்று பார்த்தோம். உழவர்களின் உண்மையான வயல்களில்? அமெரிக்க வேளாண் துறை நடத்திய பண்ணைக் கணக்கெடுப்புகளில், 2006இல் ஏக்கருக்கு இயற்கை சோயா 31 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை), வழக்கமான சோயா 47. அதாவது 66 சதவீதம். 2009இல் கோதுமை 30க்கு 44. 2010இல் மக்காச்சோளம் 121க்கு 159. மூன்றுமே சோதனை நிலையங்களின் எண்களைவிடக் கீழே. அதிலும் தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் சோயாதான் அதிகம் சரிந்திருக்கிறது. எனவே இங்கே குற்றவாளி உரம் அல்ல, களை.

களைக்கொல்லி இல்லாத வயலில் களையெடுப்பு ஒரு கால ஓட்டப்பந்தயம். விதைக்கும் முன் நிலத்தைக் கிளறி, களைகளை முளைக்க விட்டு, மேலோட்டமாக உழுது அழித்துவிட்டுப் பிறகு விதைப்பார்கள். இதற்காக விதைப்பு ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். அந்த வாரங்களே விளைச்சலில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பயிர் முளைத்ததும் சீப்பு போன்ற கருவியை ஓட்ட வேண்டும், பிறகு வரிசைகளுக்கு நடுவே கொத்துக் கருவி. ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள்தான் அவகாசம். களை வெள்ளை நூல் போல முளைவிடும்போது ஓட்டினால் செத்துப்போகும். ஒரு வாரம் தாமதித்தால் வேர் பிடித்துவிடும், பிறகு கருவி அதைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். கோரை, அருகு போன்ற பல்லாண்டுக் களைகள் நுழைந்துவிட்டால் ஓட்டும் கருவியே கிழங்கையும் வேர்த்துண்டையும் வயலெங்கும் பரப்பிவிடும்.

இந்தப் பந்தயத்தில் மழை என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1990இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனை துல்லியமாகக் காட்டியது. மக்காச்சோளம், சோயா, கோதுமை ஆகியவற்றின் இயற்கை முறை விளைச்சல் அங்கே மொத்தத்தில் வழக்கமான முறையில் சுமார் 90 சதவீதம். அந்தத் தொண்ணூறைப் பிரித்துப் பார்த்தார்கள். விதைப்புக்குப் பின் வயலில் கருவி இறங்க முடிந்த பருவங்களில் விளைச்சல் 99 சதவீதம். விடாத ஈரத்தால் கருவி இறங்க முடியாத பருவங்களில் 74 சதவீதம். இந்த இரண்டாம் வகை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. சராசரியாகத் தொண்ணூறு விளைந்த பருவம் என்று ஒன்று அங்கே பெரும்பாலும் இருக்கவில்லை. ஒன்று முழு விளைச்சல், அல்லது கால்பங்கு நட்டம். இயற்கை முறைத் தானியத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண்கள் எனக்குத் தெரியாது. கடன் வாங்கிப் பயிர் செய்பவர் பார்க்க வேண்டியது 90 என்ற எண்ணையல்ல, மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அந்த 74ஐ.

வறட்சியில் நிலைமை திரும்புகிறது. பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981இல் தொடங்கிய சோதனையில், முதல் ஐந்தாண்டுகள் இயற்கை முறை மக்காச்சோளம் தெளிவாகப் பின்தங்கியது. அதன் பிறகு வழக்கமான முறைக்குச் சமமாக வந்தது. 1988 முதல் 1998 வரையான காலத்தில் மழை குறைந்த ஐந்து ஆண்டுகளில் 28 முதல் 34 சதவீதம் வரை கூடுதலாகவே விளைந்தது. மண்ணில் மக்கு, அதாவது மக்கிய கரிமப் பொருள், கூடும்போது அது நீரை உறிஞ்சி வைத்திருக்கிறது என்பதுதான் காரணம். இந்த எண் எல்லா மேடைகளிலும் ஒலிக்கும். அதே சோதனையில் 1999இல் வந்த கடும் வறட்சியைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. அந்த ஆண்டு தொழு உரம் பெற்ற இயற்கை முறை வழக்கமான முறையை முந்தியது. ஆனால் பசுந்தாளை, அதாவது மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவதற்கென்றே வளர்க்கும் பயிரை, மட்டும் நம்பிய இயற்கை முறை மக்காச்சோளத்தில் படுமோசமாகத் தோற்றது. விதைப்புக்கு முன் நிலத்தை மூடியிருந்த பசுந்தாள் பயிரே மண்ணின் ஈரத்தைக் குடித்து முடித்திருந்தது. ஆக, வறட்சியில் கைகொடுப்பது மண்ணில் சேர்ந்துள்ள மக்கு. வெறும் சான்றிதழ் கைகொடுக்காது. 2018இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வின்படி, கிடைக்கும் விளைச்சலை வைத்து அளந்தால் இயற்கை முறையின் ஆண்டுக்காண்டு நிலைத்தன்மை 15 சதவீதம் குறைவு. விஸ்கான்சின் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது.

ஏட்டில் வராத ஆண்டு

பெரும்பாலான ஒப்பீடுகள் ஒரு கோதுமை வயலையும் இன்னொரு கோதுமை வயலையும் பக்கத்தில் வைக்கின்றன. அந்த ஆண்டு இரண்டிலும் கோதுமை இருந்தது, சரி. அதற்கு முந்தைய ஆண்டு?

தொழு உரம் போதுமான அளவு கிடைக்காத இயற்கைப் பண்ணை தழைச்சத்தைத் தானே விளைவிக்க வேண்டும். குளோவர், குதிரைமசால் போன்ற பயறு இனத் தீவனங்களை ஓராண்டோ ஈராண்டோ வளர்த்தால், அவை ஹெக்டேருக்கு 100 முதல் 200 கிலோவுக்கு மேலும் நைட்ரஜனை மண்ணில் கட்டும். களைகளையும் அமுக்கும், மண்ணின் கட்டமைப்பும் தேறும். அடுத்து வரும் கோதுமைக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த ஆண்டில் அந்த நிலத்திலிருந்து தானியம் ஒரு மணிகூட வராது. நான்காண்டுச் சுழற்சியில் ஓராண்டு இப்படிப் போனால், மூன்றாண்டில் 80 சதவீதம் விளைந்தாலும் நான்காண்டுச் சராசரி 60 சதவீதம்தான். வழக்கமான பண்ணை நான்கு ஆண்டும் தானியம் விளைவித்திருக்கும்.

அதற்காகத் தீவன ஆண்டை வீண் ஆண்டு என்று எழுதிவிடுவதும் தவறு. பண்ணையில் மாடு இருந்தால் அந்தக் குளோவர் பாலாகவும் இறைச்சியாகவும் மாறும். சாணம் திரும்பி வயலுக்கே வரும். கால்நடையோடு கலந்த பண்ணைக்கு இயற்கை முறை இயல்பாகப் பொருந்துவதும், தானியம் மட்டுமே விளைவிக்கும் பண்ணைக்கு அது கழுத்தைப் பிடிப்பதும் இதனால்தான். பொனிசியோ ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இயற்கை முறையினர் கலப்புப் பயிரோ பயிர்ச் சுழற்சியோ செய்து, எதிர்ப்பக்கம் ஒற்றைப் பயிராக இருந்தால் இடைவெளி 8, 9 சதவீதமாகச் சுருங்குகிறது. சுழற்சியை ஒழுங்காகச் செய்பவருக்கு அது பலன் தருகிறது.

விலை எவ்வளவு கூட வேண்டும்?

இப்போது பணத்துக்கு வருவோம். 2015இல் கிரௌடரும் ரெகனால்டும் ஐந்து கண்டங்களில் 55 பயிர்களின் பொருளாதாரக் கணக்குகளைத் தொகுத்தார்கள். இயற்கை விளைபொருளுக்கான கூடுதல் விலை கிடைத்த இடங்களில் லாபம் 22 முதல் 35 சதவீதம் அதிகம். கூடுதல் விலையை எடுத்துவிட்டுக் கணக்கிட்டால், 23 முதல் 27 சதவீதம் குறைவு. கூலிச் செலவு 7 முதல் 13 சதவீதம் கூடுகிறது. ஆனால் உரமும் மருந்தும் வாங்காததால் மொத்தச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு முறைகளின் லாபமும் சமமாக 5 முதல் 7 சதவீதக் கூடுதல் விலையே போதும். சந்தையில் கிடைத்ததோ 29 முதல் 32 சதவீதம்.

படித்தால் தெம்பு வரும் முடிவுதான். ஆனால் அந்த 55 பயிர்களில் காய்கறியும் பழமும் நிறைய உண்டு. தானியத்துக்கு மட்டும் தனிக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம்.

வழக்கமான முறையில் ஒரு நிலத்தில் ஆண்டுக்கு 100 மூட்டை, மூட்டை விலை 10, செலவு 700, மிச்சம் 300. இயற்கை முறையில் 78 மூட்டை, செலவு 660 என்று வைப்போம். அதே 300 மிஞ்ச வேண்டுமானால் மூட்டை 12.30க்கு விற்க வேண்டும். 23 சதவீதம் கூடுதல் விலை, எட்டக்கூடியதுதான். இது ஓராண்டுக் கணக்கு.

நான்காண்டுச் சுழற்சியில் ஓராண்டு பசுந்தாள், அதற்குச் செலவு 250, வரவு இல்லை என்று சேர்த்து எழுதுங்கள். மூன்றாண்டில் 234 மூட்டை, மொத்தச் செலவு 2230, மிஞ்ச வேண்டியது 1200. மூட்டை விலை 14.65 ஆக வேண்டும். 23 சதவீதம் என்றது ஒரே வரியில் 47 சதவீதம் ஆகிவிட்டது! பசுந்தாளுக்குப் பதில் தீவனம் வளர்த்து, விற்று, அந்த ஆண்டின் செலவை மட்டும் மீட்டுவிட்டால் 36 சதவீதம் போதும். மாடு இருப்பதன் மதிப்பு இந்த 11 சதவீதப் புள்ளிகள்.

மறுபக்கத்தையும் ஆட்டிப் பாருங்கள். இரசாயன உரத்தின் விலை இயற்கை எரிவாயுவோடு கட்டப்பட்டது. 2021, 2022 ஆண்டுகளில் எரிவாயு விலை ஏறியபோது உலகெங்கும் உர விலை பாய்ந்தது. நம் கணக்கில் வழக்கமான முறையின் செலவு 700லிருந்து 850 ஆனால், மிச்சம் 150ஆகக் குறையும். உடனே, வரவில்லாப் பசுந்தாள் ஆண்டோடு சேர்த்தும், 21 சதவீதக் கூடுதல் விலையே சமநிலைக்குப் போதும். இயற்கை முறை ஒரு துளிகூட மாறவில்லை. எதிரில் இருப்பவரின் செலவு மாறியதும் அதன் இடம் மாறிவிட்டது. லாப ஒப்பீட்டில் கிடைக்கும் எண் இயற்கை முறையின் நிலையான குணம் இல்லை. அந்தந்த ஆண்டின் உர விலையும் தானிய விலையும் சேர்ந்து எழுதும் எண் அது.

உரமும் மருந்தும் வாங்குவதற்குக் கையிலிருந்து பணம் போகும் அளவு இயற்கை முறையில் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் டாக் (DOK) சோதனையில், முதல் 21 ஆண்டுகளில் இயற்கை முறைகளின் விளைச்சல் 20 சதவீதம் குறைந்தது; உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதமும், பூச்சிமருந்து 97 சதவீதமும் மிச்சமாயின. பருவம் பொய்த்தால் நட்டத்தின் ஆழம் போட்ட பணத்தைப் பொறுத்தது. போட்டதில் பெரும்பகுதி சொந்த உழைப்பும் சொந்தச் சாணமும் என்றால் வீழ்ச்சி கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

மாறும் காலம்

சான்றிதழ் விதிகளின்படி, அமெரிக்காவில் கடைசியாகத் தடைசெய்யப்பட்ட பொருளைப் போட்ட நாளிலிருந்து 36 மாதம் கழித்து அறுப்பதே இயற்கை விளைபொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 24 மாதம். இந்த இடைக்காலத்தில் விளைச்சல் இயற்கை முறைக்குரியது, விலையோ சாதாரணத் தானியத்துக்குரியது. மண்ணில் மக்கும் நுண்ணுயிரும் இன்னும் சேரவில்லை, உழவரின் கையும் புதிய களைக் கருவிக்குப் பழகவில்லை. ரோடேலின் முதல் ஐந்தாண்டு எண்கள் அதைத்தான் சொல்கின்றன.

நம் கணக்கில் இந்த இடைக்காலத்தை இரண்டு ஆண்டு என்று வைத்து, ஆண்டுக்கு 70 மூட்டை, மூட்டை விலை 10, செலவு அதே 660 என்றால் ஆண்டுக்கு 40தான் மிஞ்சும். பழைய முறையில் வந்திருக்கக்கூடிய 300ஓடு ஒப்பிட்டால் இரண்டாண்டில் 520 இழப்பு. பிறகு மூட்டைக்கு 16 என்ற நல்ல விலை கிடைத்தாலும் நான்காண்டுக்கு 314 மட்டுமே கூடுதல் லாபம். இழந்ததைப் பிடிக்க ஆறரை ஆண்டு ஆகும். குத்தகை நிலத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் இந்த வாசலுக்குள் காலடி எடுத்து வைக்கவே முடியாது. இயற்கை முறைக்கு ஏன் இவ்வளவு பேர் மாறவில்லை என்று கேட்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஒரு நாடே ஒரே நாளில் இந்த வாசலைத் தாண்ட முயன்றதையும் பார்த்தோம். 2021 மே மாதம் இலங்கை இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியது. அதன் விளைவாக நெல் விளைச்சல் சரிந்து அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. நெல் இயற்கை முறையில் 94 சதவீதம் தரும் பயிராயிற்றே என்று கேட்கலாம். அந்த 94, ஆண்டுக்கணக்கில் மண்ணைத் தயார் செய்து, எருவைத் திரட்டி வைத்த வயல்களின் எண். உரத்தை நிறுத்துவது இயற்கை வேளாண்மை ஆகிவிடாது. அது உரமில்லாத இரசாயன வேளாண்மை, அவ்வளவுதான். அந்த உழவர்கள் பட்ட பாட்டை இயற்கை முறையின் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை. அதை நடக்காதது போல் கடந்து போவதும் நியாயமில்லை.

கூடுதல் விலை எவ்வளவு நாள்?

லாபத்தின் முழு எடையும் கூடுதல் விலையின் மேல் நிற்பதால், அந்த விலை எவ்வளவு உறுதியானது என்று தட்டிப் பார்க்க வேண்டும். தானியத்தில் அது காய்கறியைப் போல உழவரின் பெயரைச் சொல்லி நேரடியாக விற்றுப் பெறும் விலை இல்லை; ஆலைகளும் தீவன நிறுவனங்களும் தரும் விலை. இயற்கைக் கோதுமையில் தழைச்சத்துப் பற்றாக்குறையால் புரதம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ரொட்டி ஆலை கேட்கும் புரத அளவை எட்டாவிட்டால் அதே மூட்டை தீவனத் தரத்துக்கு இறங்கும், விலையும் இறங்கும். ஆக, தழைச்சத்து நேரத்துக்கு வராத குறை முதலில் விளைச்சலையும் பிறகு விலையையும் என இரண்டு முறை அடிக்கிறது.

இயற்கை விளைபொருள் அரிதாக இருக்கும்வரைதான் கூடுதல் விலை. பக்கத்து நிலங்களும் மாறினால் மூட்டைகள் பெருகும், விலை சரியும். அதோடு எருவும் அரிதாகும். பிரான்சின் இயற்கைப் பண்ணைகளை 2013இல் ஆராய்ந்தபோது, அவற்றுக்குள் வந்த தழைச்சத்தில் 23 சதவீதமும், மணிச்சத்தில் 73 சதவீதமும், சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) 53 சதவீதமும் வழக்கமான பண்ணைகளிலிருந்து எருவாகவும் வைக்கோலாகவும் வேறு வடிவங்களிலும் வந்தவை என்று தெரிந்தது. பிராட்பாக்கின் 35 டன் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அண்டை வயலில் விழுந்த யூரியா மாட்டின் வயிறு வழியாக இயற்கை வயலுக்கு வந்து சேர்கிறது. உலகம் முழுவதும் இயற்கை முறைக்கு மாறினால் அந்த அண்டை வயல் இருக்காது. 2021இல் பார்பியேரி குழுவினர் இதை மாதிரிக் கணக்கில் போட்டபோது, முழு மாற்றத்தில் உலக உணவு உற்பத்தி 36 சதவீதம் குறையும் என்று வந்தது. இருபது என்று தொடங்கிய எண் முப்பத்தாறானதற்குக் காரணம் தழைச்சத்துத் தட்டுப்பாடு. வயலளவில் சரியாக இருக்கும் கணக்கு உலகளவில் அப்படியே பெருகிவிடுவதில்லை.

இரசாயன முறைக்கும் கணக்கேட்டில் எழுதாத செலவுகள் உண்டு. நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட்டுக்கும், களைக்கொல்லியைத் தாங்கிப் பழகிவிட்ட களைகளுக்கும், மெலிந்துகொண்டே போகும் மக்குக்கும் ஊரும் அடுத்த தலைமுறையும் பணம் கட்டுகின்றன. இவற்றைச் சேர்த்து எழுதினால் ஏடு எந்தப் பக்கம் சாயும் என்பது மண்ணுக்கு மண் மாறும்.

இந்த இரு துருவ ஒப்பீட்டில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஒப்பீட்டின் இரண்டு மூலைகளுக்கும் நடுவில் நிற்கும் வயலை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஸ்டன் என்ற ஆய்வுப் பண்ணையில் 2003 முதல் 2011 வரை, மக்காச்சோளம், சோயா என்ற வழக்கமான இரண்டாண்டுச் சுழற்சியோடு, ஓட்ஸும் குளோவரும் சேர்த்த மூன்றாண்டுச் சுழற்சியையும், குதிரைமசாலும் சேர்த்த நான்காண்டுச் சுழற்சியையும் ஒப்பிட்டார்கள். நீண்ட சுழற்சிகளில் உரத்தையும் களைக்கொல்லியையும் முற்றிலும் விலக்கவில்லை. தேவைப்பட்ட இடத்தில் மட்டும், வழக்கமான அளவில் சிறு பங்கே போட்டார்கள். விளைச்சல் குறையவில்லை, சில பயிர்களில் கூடவே செய்தது. லாபமும் ஈடாக நின்றது. நீர்நிலைகளுக்கான நச்சுத்தன்மை நூறு மடங்குக்கும் மேல் குறைந்தது. கூடுதல் விலையும் இல்லை, சான்றிதழும் இல்லை, காத்திருக்கும் 36 மாதமும் இல்லை. கூடியது உழைப்பு. தேவைப்பட்டது, ஓட்ஸை வாங்க ஒருவரும், குதிரைமசாலைத் தின்ன அருகில் எங்காவது மாடுகளும்.